வாத்தியார் சம்பளத்தை யார் கொடுப்பது?

அமெரிக்க ஜனாதிபதி தேர்தலில் கிளம்பிய சண்டை

ஒரு ஓட்டில் செத்த மசோதா, பழைய பள்ளிக்கூட வாசலில் பிறந்த சட்டம்!

1960-ம் ஆண்டு செப்டம்பர் 26-ந் தேதி இரவு. அமெரிக்காவில் சுமார் 7 கோடி பேர் டெலிவிஷன் பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார்கள்.

சிகாகோ நகரின் டெலிவிஷன் நிலையம் ஒன்றில் இரண்டு பேர் நேருக்கு நேர் நின்றார்கள். ஒருவர் ஜான் கென்னடி, வயது 43. மற்றவர் ரிச்சர்டு நிக்சன், வயது 47. இருவரும் ஜனாதிபதி தேர்தல் அபேட்சகர்கள். ஜனாதிபதி பதவிக்குப் போட்டியிடும் இருவர் டெலிவிஷனில் வாதம் செய்தது அதுதான் முதல் தடவை.

இப்படிப்பட்ட இடத்தில் என்ன பேசுவார்கள்? அணுகுண்டு பற்றிப் பேசுவார்கள், ரஷ்யா பற்றிப் பேசுவார்கள் என்றுதான் நினைப்போம். ரஷ்யா பற்றிய பேச்சும் வந்தது. ஆனால் இடையில் இன்னொரு விஷயத்திலும் இருவரும் முட்டிக் கொண்டார்கள்.

அது வாத்தியார் சம்பளம்!

பள்ளிக்கூட வாத்தியாருக்கு மத்திய சர்க்கார் சம்பளம் கொடுக்கலாமா, கூடாதா? இதுதான் கேள்வி. கேட்பதற்குச் சின்னக் கேள்வி மாதிரி இருக்கிறது. இதற்கு வழி கண்டுபிடிக்க அமெரிக்காவுக்கு மேலும் 5 ஆண்டுகள் ஆயின. அதற்குள் கென்னடி குண்டுக்கு இரையாகி விட்டார்.

வீட்டு வரியில் நடக்கும் பள்ளிக்கூடம்

அமெரிக்காவில் பள்ளிக்கூடம் எப்படி நடக்கிறது என்று தெரிந்தால்தான் இந்தச் சண்டை புரியும்.

அந்த நாட்டு அரசியல் சட்டத்தில் கல்வி என்ற சொல்லே கிடையாது. பள்ளிக்கூடம் மாகாணங்களின் பொறுப்பு. மாகாணமோ, பெரும்பாலும் அதை உள்ளூர் மக்களிடம் விட்டு விட்டது. ஒவ்வொரு வட்டாரத்துக்கும் ஒரு பள்ளி நிர்வாக சபை உண்டு. அந்த வட்டாரத்தில் உள்ள வீடு, நிலம், கடை, தொழிற்சாலை இவற்றின் மீது வரி போட்டு, அந்தப் பணத்தில் பள்ளிக்கூடம் நடத்துவார்கள்.

1960-ல் பள்ளிக்கூடச் செலவில் பாதிக்கு மேல் இந்த உள்ளூர்ப் பணம்தான். மீதியில் பெரும் பகுதியை மாகாண சர்க்கார் கொடுத்தது. வாஷிங்டனில் உள்ள மத்திய சர்க்கார் கொடுத்தது எவ்வளவு தெரியுமா? 100 டாலர் செலவானால், சுமார் 4 டாலர்!

இதில் என்ன தவறு என்று கேட்கலாம். நம் பிள்ளை படிக்கிறது, நாம் வரி கட்டுகிறோம், நாமே பார்த்துக் கொள்கிறோம். நியாயம்தானே!

ஆனால் யோசித்துப் பாருங்கள். ஒரு ஊரில் வரிசையாகப் பங்களாக்கள். பக்கத்து ஊரில் வரிசையாகக் கூலிக்காரர் வீடுகள். பங்களா ஊரில் கொஞ்சம் வரி போட்டாலும் பணம் கொட்டும். கூலிக்காரர் ஊரில் கழுத்தை நெரித்து வரி வாங்கினாலும் கைக்கு வருவது சில்லரைதான். ஆகவே, பிள்ளை எந்தத் தெருவில் பிறந்தது என்பதைப் பொறுத்து அதன் படிப்பு அமைந்தது. நல்ல வாத்தியார்களும் சம்பளம் அதிகமுள்ள ஊரைத் தேடிப் போய் விடுவார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியுமா? அவர்களுக்கும் குடும்பம் உண்டு.

இதோடு இன்னொரு நெருக்கடி சேர்ந்தது. இரண்டாவது உலக யுத்தம் முடிந்து சிப்பாய்கள் வீடு திரும்பினார்கள். கல்யாணங்கள் நடந்தன. பிள்ளைகள் பிறந்தன. அந்தப் பிள்ளைகள் எல்லாம் ஒரே சமயத்தில் பள்ளிக்கூட வாசலில் வந்து நின்றன. 1950-ல் சர்க்கார் பள்ளிகளில் படித்த பிள்ளைகள் சுமார் 2 கோடியே 50 லட்சம். 1960-ல் இது 3 கோடியே 60 லட்சம் ஆயிற்று! அறை போதவில்லை. வாத்தியாரும் போதவில்லை.

1957 அக்டோபர் 4-ந் தேதி ரஷ்யா ஸ்புட்னிக் என்ற செயற்கைச் சந்திரனை வானத்தில் விட்டது. "ரஷ்யப் பிள்ளைகள் நம் பிள்ளைகளை விட நன்றாகப் படிக்கிறார்களோ!" என்று அமெரிக்கா பதறியது. மறு ஆண்டே விஞ்ஞானம், கணக்கு, அயல்நாட்டு மொழிகள் சொல்லிக் கொடுக்க ஒரு சட்டம் வந்தது. தேசப் பாதுகாப்பு என்று பெயர் வைத்ததால் அந்தச் சட்டம் தப்பியது. சாதாரணப் பள்ளிக்கூடத்துக்கும் சாதாரண வாத்தியாருக்கும் பணம் கேட்டால் மட்டும் ஆயிரம் தடை.

பணக்கார வீட்டுப் பிள்ளையும் மளிகைக் கடைக்காரர் மகனும்

கென்னடி பெரிய கோடீசுவரரின் மகன். பெரும்பாலும் தனியார் பள்ளிகளில் படித்தவர். நிக்சனின் தகப்பனார் கலிபோர்னியா மாகாணத்தில் மளிகைக் கடை வைத்திருந்தவர். நிக்சன் சர்க்கார் பள்ளியில் படித்தார். அவருடைய மனைவி பாட், விட்டியர் என்ற ஊரின் உயர்நிலைப் பள்ளியில் டீச்சராக வேலை பார்த்தவர்.

ஆனால், சர்க்கார் பள்ளி வாத்தியாருக்கு மத்திய சர்க்கார் பணம் கொடுக்க வேண்டும் என்றவர் கென்னடி. கூடாது என்றவர் நிக்சன்! அரசியலில் இப்படியும் நடக்கும்.

நிக்சன் அப்போது உப ஜனாதிபதி. அந்த நாட்டில் உப ஜனாதிபதிதான் செனட் சபைக்குத் தலைவர். ஓட்டு இரண்டு பக்கமும் சமமாக விழுந்தால் மட்டும் அவர் ஓட்டுப் போடலாம். 1960 பிப்ரவரியில், ஆசிரியர் சம்பளத்துக்கும் சேர்த்துப் பெருந்தொகை ஒதுக்கும் திருத்தம் ஒன்று செனட் சபைக்கு வந்தது. ஓட்டு சரிசமமாகப் பிரிந்தது. நிக்சன் தன் ஓட்டை அதற்கு எதிராகப் போட்டார். திருத்தம் அத்தோடு முடிந்தது.

டெலிவிஷன் வாதத்தில் கென்னடி இதைச் சுட்டிக் காட்டினார்.

நிக்சன் மழுப்பவில்லை. அவர் சொன்ன காரணம் இது: வாத்தியாருக்கு நல்ல சம்பளம் வேண்டும் என்பதில் எனக்கும் சம்மதம்தான். ஆனால் அதை மத்திய சர்க்கார் கொடுக்கக் கூடாது. சம்பளம் கொடுப்பவன் நாளைக்கு, இதைச் சொல்லிக் கொடு, அதைச் சொல்லிக் கொடுக்காதே என்று உத்தரவு போடுவான். மத்திய சர்க்கார் கட்டடம் கட்ட உதவட்டும். அதனால் உள்ளூரில் மிச்சமாகும் பணத்தை வாத்தியாருக்குக் கொடுக்கட்டும்.

இந்த வாதத்தை லேசாகத் தள்ளி விட முடியாது. பாடப் புத்தகத்தில் என்ன இருக்க வேண்டும் என்று தலைநகரில் உட்கார்ந்திருக்கும் ஒருவர் தீர்மானிப்பது ஆபத்து என்பது உண்மைதான்.

கென்னடியின் பதில்: பணத்தை நேராக வாத்தியார் கையில் கொடுக்கப் போவதில்லை. மாகாணத்திடம் கொடுப்போம். கட்டடமா, சம்பளமா என்று மாகாணமே முடிவு செய்யட்டும். இதில் மத்திய சர்க்காரின் அதிகாரம் எங்கே வந்தது?

கோவில் பள்ளிக்கும் பணமா?

கென்னடிக்கு இன்னொரு சங்கடம் இருந்தது. அவர் கத்தோலிக்கர். அதற்கு முன் அமெரிக்காவில் எந்தக் கத்தோலிக்கரும் ஜனாதிபதி ஆனதில்லை. மக்களில் பெரும்பாலோர் புராட்டஸ்டண்டு கிறிஸ்தவர்கள். "இவர் ஜனாதிபதி ஆனால் ரோமாபுரியில் இருக்கும் போப்பாண்டவர் சொற்படிதான் ஆடுவார். சர்க்கார் பணத்தைக் கத்தோலிக்கப் பள்ளிகளுக்கு அள்ளிக் கொடுத்து விடுவார்" என்று ஊர் ஊராகப் பேச்சு கிளம்பியது.

1960 செப்டம்பர் 12-ந் தேதி டெக்சாஸ் மாகாணத்தில் உள்ள ஹூஸ்டன் நகரில், புராட்டஸ்டண்டு பாதிரிமார்கள் கூடிய சபைக்கே கென்னடி போனார். மதம் வேறு, அரசாங்கம் வேறு என்றார். எந்தக் கோவிலுக்கும், கோவில் நடத்தும் எந்தப் பள்ளிக்கும் பொதுப் பணம் போகக் கூடாது என்பதே தன் கொள்கை என்று எல்லோர் முன்னாலும் சொன்னார்.

பாதிரிமார்களுக்கு அது திருப்தி. ஆனால் கத்தோலிக்கப் பெற்றோர்கள்?

அவர்கள் பக்கமும் ஒரு நியாயம் இருந்தது. அப்போது 50 லட்சத்துக்கு மேற்பட்ட பிள்ளைகள் கத்தோலிக்கப் பள்ளிகளில் படித்தார்கள். அந்தக் குடும்பங்கள் ஊர்ப் பள்ளிக்காக வரியும் கட்டின. தங்கள் பள்ளியின் செலவையும் தாங்களே சுமந்தன. "இரண்டு பக்கமும் நாங்களே கொடுக்கிறோம். எங்கள் பிள்ளைகளுக்கு மட்டும் ஒன்றும் இல்லையா?" என்று அவர்கள் கேட்டார்கள்.

நவம்பர் 8-ந் தேதி தேர்தல் நடந்தது. 6 கோடியே 80 லட்சத்துக்கு மேல் ஓட்டுகள் பதிவாயின. கென்னடிக்கும் நிக்சனுக்கும் வித்தியாசம் சுமார் 1 லட்சத்து 12 ஆயிரம் ஓட்டுதான்! மயிரிழையில் கென்னடி ஜெயித்தார்.

8-க்கு 7

தேர்தலில் சொன்னதைக் கென்னடி மறக்கவில்லை. 1961 ஜனவரி 20-ந் தேதி பதவி ஏற்றார். பிப்ரவரி 20-ந் தேதியே கல்வி பற்றிக் காங்கிரசுக்குச் செய்தி அனுப்பினார். (அமெரிக்காவின் பார்லிமெண்டுக்குக் காங்கிரஸ் என்று பெயர். நம் ஊர்க் காங்கிரஸ் கட்சியோடு சேர்த்துக் குழப்பிக் கொள்ள வேண்டாம்.)

3 ஆண்டுகளுக்கு 230 கோடி டாலர். கட்டடத்துக்கோ சம்பளத்துக்கோ மாகாணம் செலவு செய்யலாம். எந்த மாகாணமாக இருந்தாலும் சர்க்கார் பள்ளியில் படிக்கும் ஒரு பிள்ளைக்கு ஆண்டுக்கு 15 டாலருக்குக் குறையாது. ஏழை மாகாணத்துக்கு அதிகம். கத்தோலிக்கப் பள்ளிகளுக்குக் கிடையாது.

இந்த யோசனைக்கு எதிராக முதலில் குரல் கொடுத்தவர் யார் தெரியுமா? நியூயார்க் நகரின் கத்தோலிக்க மேற்றிராணியார் கார்டினல் ஸ்பெல்மன்! கென்னடி பதவி ஏற்பதற்கு 3 நாள் முன்பே அவர் கண்டனம் தெரிவித்து விட்டார். முதல் கத்தோலிக்க ஜனாதிபதியைக் கத்தோலிக்க மதத்தலைவரே எதிர்த்தார்!

தென் மாகாண உறுப்பினர்களுக்கு வேறு ஒரு பயம். வெள்ளைப் பிள்ளைகளுக்கு ஒரு பள்ளி, கறுப்புப் பிள்ளைகளுக்கு ஒரு பள்ளி என்று அங்கே பிரித்து வைத்திருந்தார்கள். இது சட்ட விரோதம் என்று 1954 மே 17-ந் தேதியே சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பு சொல்லி விட்டது. ஆனாலும் அவர்கள் மாறவில்லை. மத்திய சர்க்கார் பணத்தை வாங்கினால், பிள்ளைகளை ஒன்றாக உட்கார வை என்ற உத்தரவும் பின்னாலேயே வரும் என்று அஞ்சினார்கள். கறுப்பர் தலைவர்களில் ஒருவரான ஆடம் கிளேட்டன் பவல் என்ற உறுப்பினர், பிரித்து வைக்கும் பள்ளிக்குக் காசு கொடுக்கக் கூடாது என்று முன்பே திருத்தம் கொண்டு வந்தவர். 1956-ல் அந்தத் திருத்தம் சேர்ந்ததும் மசோதாவே தோற்றுப் போயிற்று.

ஆக, மத்திய சர்க்காரின் அதிகாரத்துக்குப் பயந்தவர் ஒரு பக்கம். கறுப்புப் பிள்ளை பக்கத்தில் உட்காருமே என்று பயந்தவர் ஒரு பக்கம். எங்கள் பங்கு எங்கே என்றவர் ஒரு பக்கம். மூன்று பேருக்கும் ஒருவரோடு ஒருவர் ஒத்துப் போகாது. ஆனால் மசோதாவைக் கொல்ல மூன்று பேரும் சேர்ந்தால் போதும்!

அப்படியே நடந்தது. செனட் சபை மே மாதம் மசோதாவை நிறைவேற்றியது. அடுத்து, பிரதிநிதிகள் சபை. அங்கே எந்த மசோதா சபைக்கு வரலாம் என்று தீர்மானிக்கும் கமிட்டி ஒன்று உண்டு. மொத்தம் 15 பேர். 1961 ஜூலை 18-ந் தேதி கமிட்டி கூடியது. மசோதாவை ஒதுக்கி வைக்க 8 ஓட்டு. எதிராக 7 ஓட்டு.

அந்த எட்டாவது ஓட்டைப் போட்டவர் ஜேம்ஸ் டெலனி. நியூயார்க் நகரத்துக்காரர். கென்னடியின் சொந்தக் கட்சிக்காரர். அவரும் கத்தோலிக்கர்!

ஆகஸ்டு மாதம் வேறு உருவில் கொண்டு வந்த மசோதாவையும் சபை தள்ளி விட்டது. அதன் பிறகு கென்னடி உயிரோடு இருந்தவரை அந்தத் திட்டம் எழவில்லை. 1963 நவம்பர் 22-ந் தேதி டல்லாஸ் நகரில் அவர் சுட்டுக் கொல்லப்பட்டார்.

கென்னடி செய்தது தவறா? தேர்தலில் கொடுத்த வாக்கைக் காப்பாற்றினார். அந்த வாக்கே மசோதாவின் காலைக் கட்டி விட்டது. அவர் கத்தோலிக்கராக இல்லாமல் இருந்திருந்தால், இரு தரப்பையும் கூப்பிட்டுப் பேசி ஒரு வழி கண்டிருக்கலாம். அவரால் அது முடியவில்லை. ஒரு அங்குலம் நகர்ந்தாலும், "பார்த்தீர்களா, சொன்னோமே!" என்று ஊர் கூச்சல் போட்டிருக்கும்.

பழைய வாத்தியார் வந்தார்

கென்னடிக்குப் பிறகு ஜனாதிபதி ஆனவர் லிண்டன் ஜான்சன். 1960 தேர்தலில் கென்னடியோடு உப ஜனாதிபதி பதவிக்கு நின்றவர். இவர் ஒரு பழைய வாத்தியார்!

டெக்சாஸ் மாகாணத்துக்காரர். ஆசிரியர் கல்லூரியில் படித்துக் கொண்டிருந்தபோது கையில் காசு இல்லாமல் போயிற்று. படிப்பை நிறுத்தி விட்டு 1928-ல் கொட்டுல்லா என்ற சிற்றூருக்கு வாத்தியார் வேலைக்குப் போனார். அப்போது வயது 20. மெக்சிகோ நாட்டு வம்சத்து ஏழைப் பிள்ளைகள் படித்த பள்ளி அது. அவர்தான் வாத்தியார், அவர்தான் தலைமை ஆசிரியர். விளையாடப் பந்துகூட இல்லை. முதல் சம்பளத்தில் விளையாட்டுச் சாமான்கள் வாங்கிக் கொடுத்தார்.

பிள்ளைகளில் பலர் காலையில் சாப்பிடாமல் பசியோடு வகுப்புக்கு வந்ததை, 37 ஆண்டுகள் கழித்து ஜனாதிபதியாகக் காங்கிரசில் பேசியபோதும் அவர் சொன்னார்.

1964 தேர்தலில் ஜான்சனை எதிர்த்து நின்றவர் பாரி கோல்டுவாட்டர். பள்ளிக்கு மத்திய சர்க்கார் பணம் கொடுக்கவே கூடாது என்பது அவர் கட்சி கட்டிய கொள்கை. மக்கள் 100-க்கு 61 ஓட்டு வீதம் ஜான்சனுக்குக் கொடுத்தார்கள். அதே ஆண்டு ஜூலை 2-ந் தேதி சிவில் உரிமைச் சட்டமும் வந்திருந்தது. நிறம் பார்த்துப் பிரிக்கும் இடத்துக்கு மத்திய சர்க்கார் பணம் கிடையாது என்று அதிலேயே எழுதி விட்டார்கள். ஆகவே, ஆடம் பவல் இனித் திருத்தம் கொண்டு வர வேண்டிய அவசியமே இல்லை. ஒரு முடிச்சு அவிழ்ந்தது.

மற்ற இரண்டு முடிச்சுகளையும் ஜான்சனின் ஆட்கள் ஒரு யுக்தியால் அவிழ்த்தார்கள்.

பள்ளிக்குப் பணம், வாத்தியாருக்குச் சம்பளம் என்று பேசினால்தானே சண்டை? "ஏழைப் பிள்ளைக்கு உதவி" என்று பேசினார்கள்! ஒரு வட்டாரத்தில் ஆண்டு வருமானம் 2 ஆயிரம் டாலருக்குக் குறைந்த குடும்பத்துப் பிள்ளைகள் எத்தனை பேர் என்று எண்ணுவது. அந்தக் கணக்குப்படி அந்த வட்டாரத்துக்குப் பணம் கொடுப்பது. ஏழைப் பிள்ளை கத்தோலிக்கப் பள்ளியில் படித்தாலும் சில உதவிகள் உண்டு. பள்ளிக்குப் பணம் கிடையாது. ஆனால் பிள்ளைக்குப் புத்தகம் இரவல் கிடைக்கும். புத்தகம் சர்க்கார் சொத்து. படிப்பது பிள்ளை!

டெலனியின் கட்சிக்காரர்களும் ஒப்புக் கொண்டார்கள், பாதிரிமார்களும் ஒப்புக் கொண்டார்கள். பிரதிநிதிகள் சபையில் 263-க்கு 153. செனட் சபையில் 73-க்கு 18. முதல் ஆண்டுக்கு சுமார் 130 கோடி டாலர்.

1965 ஏப்ரல் 11-ந் தேதி, ஞாயிற்றுக்கிழமை. ஜான்சன் கையெழுத்துப் போட வாஷிங்டனில் உட்காரவில்லை. டெக்சாசில் தன் சொந்த ஊர்ப் பக்கம், 4 வயதில் தான் படித்த ஓர் அறைப் பள்ளிக்கூடத்தின் வாசலுக்குப் போனார். பக்கத்தில் ஒரு வயதான அம்மாள் உட்கார்ந்திருந்தார். பெயர் கேட் டெட்ரிக் லோனி. சிறு வயதில் ஜான்சனை மடியில் உட்கார வைத்துப் படிக்கச் சொல்லிக் கொடுத்த முதல் டீச்சர் அவர்தான். டீச்சர் பார்த்துக் கொண்டிருக்க, மாணவர் சட்டத்தில் கையெழுத்துப் போட்டார்.

108 டாலர்

சட்டம் வந்ததும் எல்லாம் சரியாகி விட்டதா? இல்லை.

ஏழைப் பிள்ளைகளுக்கென்று கொடுத்த பணத்தில் சில ஊர்களில் நீச்சல் குளம் கட்டி விட்டார்கள்! 1969-ல் வெளிவந்த ஒரு விசாரணை அறிக்கை இதை அம்பலப்படுத்தியது. அதற்குப் பின் கணக்கு கேட்பது கடுமையாயிற்று.

நிக்சன் சொன்ன பயமும் முழுப் பொய்யாகவில்லை. 2002 ஜனவரியில் வந்த ஒரு சட்டம், மத்திய சர்க்கார் பணம் வாங்கும் மாகாணங்கள் 3-ம் வகுப்பு முதல் 8-ம் வகுப்பு வரை ஆண்டுதோறும் வாசிப்பிலும் கணக்கிலும் பரீட்சை வைத்தே தீர வேண்டும் என்றது. வாத்தியார்கள் பரீட்சைக்காகவே பாடம் நடத்துகிறார்கள் என்று பெற்றோர்கள் முணுமுணுத்தார்கள். 2015-ல் அந்தப் பிடியைக் கொஞ்சம் தளர்த்தினார்கள்.

பணத்தின் கதையை டெக்சாஸ் மாகாணத்தின் சான் அன்டோனியோ நகரில் பார்க்கலாம். அங்கே எட்ஜ்வுட் என்று ஒரு வட்டாரம். மெக்சிகோ வம்சத்து ஏழைகள் அதிகம். அலமோ ஹைட்ஸ் என்று இன்னொரு வட்டாரம். வசதியானவர்கள் வாழும் இடம். 1967-68-ம் ஆண்டுக் கணக்கு இது:

எட்ஜ்வுட் மக்கள் 100 டாலர் சொத்து மதிப்புக்கு 1 டாலர் 5 சென்ட் வரி கட்டினார்கள். அலமோ ஹைட்ஸ் மக்கள் கட்டியது 85 சென்ட்தான். அதிக வரி கட்டிய எட்ஜ்வுட்டில் ஒரு பிள்ளைக்குக் கிடைத்த உள்ளூர்ப் பணம் 26 டாலர். குறைந்த வரி கட்டிய அலமோ ஹைட்ஸில் 333 டாலர்!

மத்திய சர்க்கார் எட்ஜ்வுட் பிள்ளைக்கு 108 டாலரும், அலமோ ஹைட்ஸ் பிள்ளைக்கு 36 டாலரும் கொடுத்தது. மாகாணம் கொடுத்ததையும் சேர்த்தால் எட்ஜ்வுட் பிள்ளைக்கு 356 டாலர், அலமோ ஹைட்ஸ் பிள்ளைக்கு 594 டாலர். அந்த 108 டாலர் வராமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நீங்களே கழித்துப் பார்த்துக் கொள்ளலாம். வந்த பிறகும் பள்ளம் அடையவில்லை.

1968-ல் எட்ஜ்வுட் மாணவர்கள் வகுப்பை விட்டு வெளியேறி ஊர்வலம் போனார்கள். பெற்றோர்கள் கோர்ட்டுக்குப் போனார்கள். தகரத் தொழிலாளியான டெமெட்ரியோ ரோட்ரிகஸ் என்ற தகப்பனார் பெயரில் வழக்கு நடந்தது. 1971-ல் கீழ்க் கோர்ட்டில் ஜெயித்தார். 1973 மார்ச் 21-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டில் தோற்றார். 5 நீதிபதிகள் எதிர்ப்பக்கம், 4 நீதிபதிகள் அவர் பக்கம். இங்கேயும் ஒரு ஓட்டுதான்! கல்வி என்பது அரசியல் சட்டம் கொடுத்த அடிப்படை உரிமை அல்ல, மாகாணம் பார்த்துக் கொள்ளட்டும் என்று தீர்ப்பாயிற்று.

எட்ஜ்வுட் மக்கள் விடவில்லை. மாகாணக் கோர்ட்டுக்குப் போனார்கள். 1989-ல் டெக்சாஸ் சுப்ரீம் கோர்ட்டு அத்தனை நீதிபதிகளும் ஒருமனதாக, இந்த வரி முறை செல்லாது என்றார்கள். சட்டசபை தட்டுத் தடுமாறி, 1993-ல் ஒரு சட்டம் செய்தது. சொத்து மிகுந்த வட்டாரம் தன் பள்ளி வரியில் ஒரு பகுதியை ஏழை வட்டாரங்களுக்காகக் கொடுக்க வேண்டும். 1995-ல் கோர்ட்டும் அதை ஏற்றது.

அந்தச் சட்டத்துக்கு நீளமான பெயர் ஒன்று இருக்கிறது. டெக்சாஸ் மக்கள் அதைச் சொல்வதில்லை. நம் கதைகளில் மலைக்கள்ளன் வருவது போல, இங்கிலாந்துக் கதைகளில் பணக்காரனிடம் பறித்து ஏழைக்குக் கொடுக்கும் கொள்ளைக்காரன் ஒருவன் வருவான். அவன் பெயர் ராபின் ஹூட். பணம் கொடுக்க வேண்டிய ஊர்க்காரர்கள் கோபத்தோடும், வாங்கிக் கொள்ளும் ஊர்க்காரர்கள் சந்தோஷத்தோடும் ஒரே பெயரைத்தான் சொல்கிறார்கள்: "ராபின் ஹூட் சட்டம்!"